மாமாவிடம் நான் சொன்ன எண்

பிள்ளைகளே, தேர்தல் அன்று நீங்கள் இரண்டு பேரும் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பெரியவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, பஸ் மாறி ரயில் மாறி திருத்தணி வருவதற்குள் ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். "பேங்க்கு போன்ல இருக்குது, கரன்ட் பில்லு போன்ல கட்றோம். ஓட்டு மட்டும் ஏன் நைனா போன்ல இல்ல?" என்று அழாத குறையாகக் கேட்டாள். சின்னவனும் அக்கா பக்கம்.

நீங்கள் கேட்காமல் மனதில் வைத்திருக்கும் கேள்வி இன்னொன்றும் இருக்கிறது. நான் ஏன் உங்கள் அத்தை வீட்டுக்கு வருவதில்லை, மாமாவைக் கண்டால் ஏன் எழுந்து போகிறேன் என்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் கோபம் முந்திக்கொள்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்துதான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு ரயில் நிலையத்து வாசலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரே ஒரு சட்டம் இருந்தது. முதலில் வந்த வண்டிக்கு முதல் சவாரி. மலைக்கு ஆள் ஏற்றிவிட்டுத் திரும்பினால் கடைசியில் போய் நிற்க வேண்டும். கிழட்டு வண்டியோ புது வண்டியோ, எல்லோருக்கும் அதே வரிசை. பல வண்டிகளை வாடகைக்கு விட்டிருந்த ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. வரிசையை எடுத்துவிட வேண்டும் என்று ஸ்டாண்டுத் தலைவர் பதவிக்கு நின்றார். வரிசை வேண்டும் என்றவர்கள் என்னை நிற்கச் சொன்னார்கள். நானும் நின்றேன்.

அதற்கு முன்பெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவோம். திருப்பதி சவாரி போனவனுக்கு ஓட்டு போய்விடும். ஆகவே இந்த முறை போனில் வைக்கலாம் என்றபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். போன் கடைக்காரர் ஒருவர் ஏற்பாடு செய்து தந்தார். அவர் அனுப்பும் பக்கத்தைத் திறந்து நம் போன் நம்பரைப் போட்டால், நம் போனுக்கு ஆறு இலக்கத்தில் ஓ.டி.பி. வரும். அதையும் போட்டால் எங்கள் இருவர் படமும் தெரியும். பிடித்த படத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

ஓட்டுப் போடும் அன்று காலை மலைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் மொட்டை போட வந்த குடும்பம். போன் அடித்தது. உங்கள் மாமா.

"மச்சான், உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. சொல்லு."

எதற்கு என்றேன். ஓட்டுப் போடும் முன்பு பெயரைப் பதிய வேண்டுமாம், நான் வண்டி ஓட்டுவதால் அவரே போட்டுவிடுகிறாராம். வண்டியை ஓரம் கட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். என் கையைப் பிடித்து கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தவர் அவர். என் அக்காவின் புருஷன், நான் பாவா என்று கூப்பிடுபவர். சந்தேகப்பட எனக்குத் தெரியவில்லை. நன்றி வேறு சொன்னேன்.

கீழே வந்து ஓட்டுப் போடலாம் என்று பக்கத்தைத் திறந்தேன். உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது, நன்றி என்று இருந்தது.

மாலையில் முடிவு சொன்னார்கள். தோற்றேன். எனக்காக ஊரெல்லாம் பேசியவர்களின் ஓட்டுகூட எனக்கு விழவில்லை. சர்ச் தெருவிலிருந்து வரும் பெரியவர், எங்களில் மூத்த டிரைவர், என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் முகமே சரியில்லை.

"உன் பாவாதானே தம்பி கேட்டாரு. உனக்குப் போடத்தான் கேக்கறாருன்னு நம்பரைச் சொன்னேன். வேற எவனாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பனா?"

அவருக்கு மட்டும் இல்லை, ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் போன் போயிருக்கிறது. என் பாவா என்பதால்தான் கொடுத்திருக்கிறார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த உங்கள் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"ஆங், நான்தான் போட்டேன். இன்னா இப்போ? வரிசை வரிசைன்னு வெயில்ல குந்திகினு இன்னா கண்ட? ஜெயிச்சா என் வண்டிய முன்னாடி உடறேன்னு அந்த வண்டி ஓனரு சொல்லிகிறாரு. உன்னுதையும் உடச் சொல்றேன், போ."

"என் ஓட்டயாவது உட்டிருக்கலாமே பாவா."

"நீதானே நம்பர் சொன்ன? நானா வந்து புடுங்கினேன்?"

பக்கத்தில் இருந்த ஒருவன், தன் ஓட்டே தனக்கு விழாத கேண்டிடேட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். பாவாவும் சேர்ந்து சிரித்தார். தோற்றது எனக்குப் பெரிதாக இல்லை. அந்தச் சிரிப்புதான் இன்னும் உள்ளே கிடக்கிறது.

போன் கடைக்காரரிடம் முறையிட்டேன். நம்பர் சரியாக இருந்தால் போட்டது நீங்கள்தான் என்றுதான் அந்தப் பக்கத்துக்குத் தெரியும், அதற்கு மேல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிஸ்கட் டப்பாவாக இருந்தால் கவிழ்த்து, கையெழுத்தைப் பார்த்தாவது கேட்டிருப்போம்.

பெரியவளே, உன் ஓட்டுப் போனது நியாயம் இல்லை. கம்பெனிக்குப் பக்கத்திலேயே உங்களுக்கு ஒரு சாவடி வைக்கட்டும், ஷிப்ட்டை மாற்றித் தரட்டும். அதற்குச் சண்டை போட வேண்டும் என்றால் நானும் வருகிறேன். ஆனால் போன் வேண்டாம் அம்மா. உன் அத்தையின் போன் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார். மாமாவின் சட்டைப் பையில். நாளைக்குப் போனில் ஓட்டு வந்தால் அவளுடைய ஓட்டை யார் தொடுவார்? இப்போது மாமா அவளை பைக்கில் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுவந்து விடலாம், யாருக்குப் போட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வரலாம். அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் அவரால் வர முடியாது. அங்கே அவள் தனியாக நிற்கிறாள். அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவளுக்கென்று இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. கெட்டவன் கேட்டால் நாம் நம்பரைச் சொல்ல மாட்டோம். நம்முடைய ஆள் கேட்டால் சொல்லிவிடுவோம். நாம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

ஸ்டாண்டில் இப்போது வரிசை இல்லை. யார் முந்திக்கொள்கிறாரோ அவருக்குச் சவாரி. டீக்கடையில் அந்தப் பேச்சு நடந்த அதே வாரம் ஒரு மதியம், ரயில் எதுவும் இல்லாத நேரம், நான் வந்தபோது ஸ்டாண்டில் உங்கள் மாமாவின் வண்டி மட்டும் நின்றது. அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். வண்டிக்கு முன்னால் நிறைய இடம் இருந்தது. வந்த வேகத்தில் நான் அங்கேயே போய் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டேன். கேட்க ஆள் இல்லை, கேட்கவும் இப்போது சட்டம் இல்லை. கொஞ்ச நேரம் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்டிலைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளினேன். அவருடைய வண்டியைத் தாண்டி, அதற்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.