ரிக் வண்டியோடு போன கேமரா

என் கணவருக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. கட்டைவிரல் நீளம் இருக்கும். உறவுக்காரர் கல்யாணத்தில் மகள் தன் போனில் எங்களைப் படம் எடுத்திருந்தாள். மறுநாள் காலையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதில் தழும்பு இல்லை என்பதைக் கவனித்தேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றி புதிதாகப் பூசிய சுவரைப் போல மழமழவென்று இருந்தது. என் கன்னத்து மருவையும் காணோம்.

"அதுவா சரி பண்ணிக்கும்மா. நல்லாத்தான இருக்குது?" என்றாள் மகள்.

"யாரு சொல்லிச் சரி பண்ணுச்சு?"

அவள் போனில் எதையோ தேடி நிறுத்திவிட்டு, அப்பாவை மறுபடி நிற்க வைத்து எடுத்தாள். இம்முறை தழும்பு வந்தது. ஆனால் பாதி அழித்த பென்சில் கோடு மாதிரி வந்தது. எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு புத்தகம் அதன் இடத்தில் இல்லையென்றால் அது எங்கே போனது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. இதுவும் அப்படித்தான் ஆனது.

கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ட்ரில்லர். சத்தீஸ்கர் பக்கம் துளை போடப் போய்விடுவார். வைகாசித் தேருக்கு ஊர் வந்தால் ஆயுத பூஜை முடிந்துதான் கிளம்புவார். நான் சொல்வது ஆவணி மாதம். அவர் வீட்டில் இருந்தார்.

"ஏனுங்க, எனக்கு ஒரு கேமரா வேணும்."

"போன்லயே கேமரா இருக்குதே புள்ள."

"அது படம் எடுக்கறதில்லீங்க. அதுவா ஒண்ண வரஞ்சு குடுக்குது."

அவர் சிரித்தார். ஆனால் அந்த வாரம் கம்ப்ரசருக்கு ஏதோ சாமான் வாங்கச் சேலம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய கேமரா விற்கும் கடை ஒரு மாடியில் இருந்தது. கடையை நடத்துவது முப்பது வயதுப் பெண். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திருப்புளியோடு உட்கார்ந்திருந்தாள். புதிது வாங்க நான் வரவில்லை என்பதையும், முகத்தை மாற்றாத கேமரா வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. எழுந்து போய் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்று பெரியது, பழைய டிஎஸ்எல்ஆர். பிடிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. எத்தனையோ கல்யாணங்களில் யாருடைய விரல்களோ அங்கே இருந்திருக்க வேண்டும். மற்றது சீட்டுக்கட்டு அளவில் வெள்ளி நிறச் சின்னக் கேமரா. முன்மூடியைக் கீழே தள்ளினால் விழித்துக்கொள்ளும். முதலில் பெரியதைக் கையில் எடுத்தேன். கண்ணை ஒட்டிப் பார்த்தபோது எதிர்க்கடை அப்படியே தெரிந்தது. திரையில் தெரிவது போல் இல்லை. நிஜமாகவே ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்ற ஓசையோடு ஒரு நொடி எல்லாம் இருட்டானது.

"கெட்டுப் போச்சுங்களா?" என்று பதறினேன்.

"இல்லக்கா. உள்ள ஒரு கண்ணாடி இருக்குது. அதுல பட்டுத்தான் உங்க கண்ணுக்கு வருது. அழுத்துனா கண்ணாடி மேல தூக்கிக்கும், வெளிச்சம் நேரா உள்ள போயிரும். படம் விழற அந்த நேரம் மட்டும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு அது பிடித்துப்போனது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தேன். கணவர் சின்னதை வைத்துக்கொண்டு வேறு கேள்வியில் இருந்தார்.

"இது தூரத்தக் கிட்ட இழுக்குது. ஆனா லென்சு மூக்காட்டம் வெளிய நீள மாட்டேங்குதே. எப்புடிம்மா?"

அவள் மேசை இழுப்பறையிலிருந்து அதே வகையில் செத்துப்போன கேமரா ஒன்றை எடுத்து உடலைக் கழற்றிக் காட்டினாள். முன்கண்ணாடிக்குப் பின்னால் சாய்வாக ஒரு பளிங்குத் துண்டு. உள்ளே வரும் வெளிச்சம் அதில் பட்டுச் செங்குத்தாகக் கீழே திரும்புகிறது. லென்சுகள் எல்லாம் கேமராவின் உடலுக்குள்ளேயே மேலும் கீழும் நகர்கின்றன. கணவர் அதை வாங்கிச் சாவி நுனியால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

எதை எடுப்பது என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. "உங்க லைசென்ஸ வச்சுட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்கண்ணா. ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணக் கொண்டாந்து குடுங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் எருமையிலிருந்து தொடங்கினோம். பெரிய கேமராவில் எருமையின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பின்னால் இருந்த மின்கம்பமும் முருங்கை மரமும் கரைந்துபோயிருந்தன. சின்னதில் எருமையின் மூக்கு, மரம், கம்பம், கம்பத்தில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி எல்லாமே சமமாகத் தெரிந்தன.

"இதுல எது நெசம்?" என்றார் கணவர்.

"கண்ணுக்கு எப்புடித் தெரியுதுன்னு பாருங்க."

இரண்டு பேரும் எருமை முன்னால் நின்று அதன் கண்ணையே உற்றுப் பார்த்தோம். கண்ணைப் பார்க்கும்போது கம்பம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. கம்பத்தைப் பார்த்தால் எருமை நழுவிப் போகிறது. எருமைக்கே பொறுமை போய்த் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் முகத்தை இரண்டிலும் எடுத்தேன். தழும்பு இரண்டிலும் ஒழுங்காக விழுந்தது. அவர் படத்தை வாங்கிப் பார்த்து, "பக்கம் மாறியிருக்குதே" என்றார். இத்தனை வருடம் கண்ணாடியில் மட்டுமே பார்த்த தழும்பு அது.

அந்தத் தழும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஆறு வருடத்துக்கு முன்பு போனில், "ராடு லேசாத் தட்டிருச்சு, மூணு தையல்" என்றார். அவ்வளவோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலையில் மலைக்கோயிலைப் பெரிய கேமராவில் எடுத்தேன். வெயில் ஏறும் பக்கம் பாறை செம்மையாகவும் மறுபக்கம் நீலமாகவும் வந்தது. அந்த ஒரு படத்திலேயே என் மனது பெரியதன் பக்கம் சாய்ந்துவிட்டது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சின்னதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கணவரின் வண்டி நிற்கும் பட்டறைக்குப் போனேன். ரிக்கைக் கழுவி, கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் வேலை செய்கிறவர்கள் என்னைக் கண்டதும் கைகளைத் துடைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, வரிசையாக நின்றுவிட்டார்கள். பெரிய கேமராவைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நிற்பார்கள்போல.

அவர்களில் ஒருவர் சத்தீஸ்கர்க்காரர். எட்டு வருடமாக இந்த வண்டியில் இருப்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். வரிசைப் படம் முடிந்ததும் அருகில் வந்தார்.

"அக்கா, நானும் அண்ணனும் மட்டும் ஒண்ணு எடு அக்கா. என் அம்மாக்கு அனுப்பணும். அண்ணன் நெத்தி நல்லாத் தெரியணும்."

"நெத்தியா?"

"அம்மா தழும்பு பாக்கணும் சொல்லுது. போன்ல எடுத்து அனுப்புனேன். அதுல தழும்பு இல்ல. அம்மா சண்டை போடுது. நீ பொய் சொல்ற, உன்ன யாரும் காப்பாத்தல, அப்படின்னு."

கணவர் அந்தப் பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். "அட, படத்த எடுக்கச் சொல்லு. கதையெல்லாம் எதுக்கு?" என்றார். ஆனால் அந்த மனிதருக்கு, எனக்கு எதுவும் தெரியாது என்பதே தெரியவில்லை. கையை வீசிக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். கம்ப்ரசரிலிருந்து ரிக்குக்குக் காற்று போகும் தடித்த ஹோஸ் ஒரு நாள் இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டது. முழு அழுத்தத்தில் இருந்த ஹோஸ் தரையில் துள்ளித் துள்ளி அடித்தது. சத்தீஸ்கர்க்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, துளைக்குள் இறக்கும் இரும்பு ராடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணவர் ரிக்கின் மேலிருந்து குதித்து இவரைத் தள்ளி, இவர் மேலேயே விழுந்தார். ஹோஸ் நுனியின் இரும்பு இவர் தலை இருந்த இடத்தில் வந்து, கணவரின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"அண்ணன் இல்லன்னா நான் இல்ல அக்கா" என்று சொல்லி, கணவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். கணவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அழுத்தினேன். எல்லாம் இருட்டாகி மறுபடி வெளிச்சமானபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பார்வை படத்தில் விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு உடனே தோன்றவில்லை. வீட்டில் பார்த்தபோது, அது இரண்டுக்கும் நடுவில், தலையைத் தூக்கத் தொடங்கிய நேரம். தழும்பு தெளிவாக இருந்தது.

பட்டறையிலிருந்து பைக்கில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலே?"

"சொல்லியிருந்தா மறுக்கா வேலைக்கு உட்டிருப்பியா?"

"உட்டிருக்க மாட்டனுங்க."

"அதான்."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. எங்கோ ஒரு ஊரில் இருக்கும் ஒரு தாய்க்கு என் கணவரின் நெற்றியைப் பற்றித் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் பாதிக்கு மேல் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். அவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார், எதுவும் எனக்குத் தெரியாது.

"அங்க நாளெல்லாம் என்னத்தப் பாப்பீங்க?"

"என்னத்தப் பாக்கறது? கல்லு. மண்ணு."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கேமரா எனக்கு இல்லை, அவரோடு போக வேண்டும் என்று அந்த வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அதனால் மறுநாள் கடையில் நான் கேட்ட கேள்வியே வேறாக இருந்தது.

"கல்லுத் தூசியில எது தாங்கும்?"

கடைக்காரப் பெண் திருப்புளியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு தூசிக்கா?"

"துளை போடறப்ப ஆளே தெரியாதும்மா" என்றார் கணவர்.

"அப்ப சின்னதுதாண்ணா. மூக்கு நீள்ற கேமராவா இருந்தா ஒரே வாரத்துல மணல் சிக்கி நின்னுரும். இது வெளிய வராததால தப்பிக்கும். எடுக்காதப்ப மூடியச் சாத்தி, துணியில சுத்தி வையுங்க. பெருசு உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சே அக்கா?"

பிடித்துத்தான் இருந்தது. மலைக்கோயில் படத்தை இன்னொரு முறை அதன் திரையில் பார்த்துவிட்டு மேசையில் வைத்தேன். பட்டறைப் படத்தை அவளே அச்செடுத்துக் கொடுத்தாள். சத்தீஸ்கர் அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்தது. மகன் சொன்னது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டாராம். கூடவே, அந்த மனுஷன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாரே, வீட்டில் ஒழுங்காகச் சமைப்பதில்லையா என்றும் கேட்டு அனுப்பினார். பெரிய கேமரா அடுத்த மாதமே ஒரு கல்யாணப் படக்காரருக்கு விற்றுப்போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆயுத பூஜைக்குப் பிறகு கணவர் சின்னக் கேமராவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். படம் எதையும் போனில் அனுப்பக் கூடாது, வந்து காட்டினால் போதும் என்று சொல்லியிருந்தேன். அனுப்பவும் இல்லை. நான் மனதுக்குள் காடுகளையும், சந்தையையும், அவர்கள் சமைக்கும் அடுப்பையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் வந்து கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்தார். அவர் குளிக்கப் போனதும் கல்லூரியிலிருந்து வாங்கி வந்த மடிக்கணினியில் போட்டுத் திறந்தேன். முதல் படம் ஒரு மண் குவியல். அடுத்ததும் மண் குவியல். தள்ளிக்கொண்டே போனேன். நூற்றுக்கு மேல் மண் குவியல்கள். வெள்ளை, சாம்பல், செங்கல் நிறம், கரி நிறம், ஒன்று அரைத்த சீரகம் மாதிரி. அடுப்பு ஒன்றுகூட இல்லை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, எல்லாம் மண்ணா இருக்குது?"

"நீதான என்னத்தப் பாப்பீங்கன்னு கேட்ட?"

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். துளை இறங்க இறங்கக் காற்று வெளியே தள்ளும் கல்லு மாவு இது. இந்தச் செங்கல் நிறம் நூற்றைம்பது அடிவரை வந்தது. இங்கே நிறம் கறுத்தது, ராடு சத்தமும் மாறியது. இந்தக் குவியலில் ஓரம் மட்டும் ஈரமாக இருக்கிறது பார், இதற்கு அடுத்த ராடு நீளம் இறங்கியதும் தண்ணீர் வந்தது. இந்த வெள்ளை முழுக்க வெறும் தூசிப் புகைதான், தண்ணீரே இல்லை, அந்த விவசாயி கடைசிவரை வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு குவியல் பச்சையாக இருந்தது. வெளிறிய பாசிப்பயறுப் பச்சை.

"இது என்ன கல்லுங்க?"

"அது எனக்கே தெரியல. ரெண்டே ராடு ஆழத்துக்கு வந்துச்சு. அப்புறம் காணோம்."

"கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருக்கலாமுல்ல? காலேஜ்ல கேட்டிருப்பனே. அடுத்த தடவ எத்தன அடின்னு ஒரு அட்டையில எழுதிப் பக்கத்துல வச்சும் எடுங்க. நானா இருந்தா..."

"நீயே ஒருக்கா வந்து பாரேன்" என்றார். "அந்தப் பையனோட அம்மா ஊட்டுல தங்கிக்கலாம். அது உன்னயப் பாக்கோணும்னு சொல்லிட்டே இருக்குது."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கார்த்திகையில் பத்து நாள் விடுப்புக்குக் கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கணவர் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க' என்று எழுதினேன். முதல்வர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.