அண்ணனுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் வட்டாரத்தில் ஒருவர் ஓடி ஜெயித்தாலும் சரி, குதித்து ஜெயித்தாலும் சரி, நாங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வரச் சொல்வோம். பதினொன்றரை மணி வரை சும்மா உட்கார வைப்போம். பிறகு பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னம் ஒன்றைக் கையில் கொடுத்து, மீகூனும் வடையும் சாப்பிட வைத்து அனுப்புவோம். கிள்ளான் நகரில் பல வருடங்களாக இந்தப் பாராட்டு விழாவை நடத்தும் செயலவைக்கு நான்தான் செயலாளர். ஷா ஆலமில் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள் என்பதால், கடிதம் எழுதுவது, பட்டியல் போடுவது, பொன்னாடை வாங்குவது எல்லாம் என் தலையில் விழுந்தன. புலம்புகிறேனே தவிர எனக்கு அது பிடிக்கும். வேறு யாராவது செய்தால் குறை சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

இதுவரை கௌரவித்தவர்களை நினைத்தால் மனசு நிறைகிறது. மாநிலத்துக்காக ஹாக்கியில் கோல் காத்தவர் இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவரைத் தாண்டி ஒரு பிள்ளைகூடச் சாலையில் இறங்கிவிட முடியாது. ஆணழகன் பட்டம் வென்ற ஒருவருக்கு நாங்கள் போர்த்திய பொன்னாடை பாதி முதுகோடு நின்றுவிட்டது. அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையின் காவலர்களுக்கு மேலாளர். பூப்பந்தில் கலக்கிய பெண் பல் மருத்துவராகி என் பல்லையே பிடுங்கினாள். எல்லோரும் வந்தார்கள், வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு தடவை அழைத்தும் வரவில்லை.

அவள் என் தோழி. பள்ளிக் காலத்தில் நாங்கள் ஒரே தொடர் ஓட்டக் குழுவில் ஓடினோம். மூன்றாவது ஆள் நான், கடைசி ஆள் அவள். நான் கைமாற்றும் கோலைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டும்போது எங்கள் குழு பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே கிடையாது. கோல் அவள் கைக்குப் போய்விட்டால், முன்னால் ஓடுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

நான் மாவட்டத்தோடு நின்றேன். அவள் நானூறு மீட்டரில் சிலாங்கூர் மாநிலத்துக்காக ஓடினாள், பிறகு மலேசியாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் ஓடி வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினாள். முழங்கால் கெட்டதும் சத்தமில்லாமல் ஓட்டத்தை விட்டாள். பண்டமாரானில் ஒரு சரக்குக் கம்பெனியில் சேர்ந்து, எந்தக் கொள்கலன் எந்த நேரத்தில் எங்கே போகவேண்டும் என்று உத்தரவு போடும் நாற்காலிக்கு உயர்ந்துவிட்டாள். லோரி ஓட்டுநர்களுக்கு அவளிடம் பயம். நொடிக் கணக்கில் வாழ்ந்தவளிடம், 'சாலையில் நெரிசல்' என்று கதை சொல்ல முடியுமா?

முதல் தடவை அழைத்தபோது வேலை இருக்கிறது என்றாள். இரண்டாம் தடவை விஷயத்தை உடைத்தாள்.

"அண்ணனுக்கும் ஒரு பொன்னாடை போடுங்க. மேடையில கூப்பிட்டுப் போடணும். அப்பதான் வருவேன். இல்லன்னா வேணாம் லா."

செயலவையில் சொன்னேன். விதி அப்படி இல்லை என்றார்கள். விளையாட்டாளருக்கு மட்டும்தான் மரியாதை, குடும்பத்தையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தால் மேடை தாங்காது என்றார் ஒருவர். நானும் வாயை மூடிக்கொண்டு அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினேன். அந்த அண்ணனைப் பற்றி அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

அவளுடைய அண்ணன் லோரி ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து வெங்காயம், மாவு, பருப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டுபோய்க் கடைகளில் போடுவார். எங்கள் பள்ளியில் இருந்தது மேடும் பள்ளமுமான ஒரு திடல். நல்ல ஓடுதளம் வேண்டுமென்றால் ஷா ஆலமுக்கோ பெட்டாலிங் ஜெயாவுக்கோ போகவேண்டும். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் அவர் தன் வேலையை எங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார். காலையில் இறக்கவேண்டிய மூட்டையைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவார். முதலாளி திட்டுவார். இதனாலேயே ஒரு கம்பெனியில் வேலை போனது. அடுத்த கம்பெனியில் சேர்ந்து அங்கேயும் அதையே செய்தார்.

ஓட்டுநர் இருக்கையில் அவர், நடுவில் அவள், சன்னல் ஓரம் நான். இறங்கும்போது எங்கள் மேல் வெங்காய வாசனை வீசும். மற்றப் பள்ளிப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஓட்டம் முடிந்த பிறகு சிரிக்கமாட்டார்கள். அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. வாசலில் இறக்கிவிட்டு, "பாத்து ஓடுங்க மா" என்பார். நாங்கள் வெளியே வரும்போது அதே இடத்தில் லோரி நிற்கும்.

மூன்றாம் வருடம் நான் செயலவையில் மேசையைத் தட்டினேன்.

"அண்ணனுக்குப் போடலன்னா செயலாளர் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

வேறு ஆள் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் உடனே சரி என்றார். அன்றே தோழிக்கு ஃபோன் போட்டேன்.

"சத்தியமா?" என்றாள்.

"சத்தியமா."

"ஏமாத்துனேன்னா மேடையிலேர்ந்து இறங்கிப் போயிருவேன். அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

அவள் சொன்னதைச் செய்கிறவள். நாற்பது வருடச் சிநேகம் ஒரு துணியில் தொங்கியது.

அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி விழாவில் படிப்பதும் என் பொறுப்பு. அதற்காக அவள் வீட்டுக்குப் போனேன். பதக்கங்களை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "இது மாவு மூட்டை ஏத்துன அன்னிக்கு. இது உருளைக்கிழங்கு. இது ஜெயிச்சப்ப லோரி டயர் பஞ்சர், வீட்டுக்கு வர ராத்திரியாச்சு." எந்த இடம், எத்தனை நொடி என்று நான் கேட்டதற்கும் பதில் சொன்னாள். நான் இடத்தையும் நொடியையும் எழுதிக்கொண்டு வந்தேன். மூட்டைகளை எழுதவில்லை.

லிட்டில் இந்தியா கடைத்தெருவில் பதினாறு பொன்னாடைகள் வாங்கினேன். பட்டியலை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். விருந்தினரும் செயலவையினருமாகப் பதின்மூன்று பேர், தோழிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மிச்சம் ஒன்று தலைவருக்காக. அவர் போர்த்திக்கொள்ள அல்ல, போர்த்திவிட. எங்கள் தலைவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தங்கமான மனிதர். ஆனால் வெறும் தோளைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. மேடைப் பக்கம் தெரியாமல் வந்து நின்றவர் மேலும் பொன்னாடை விழும். ஒரு வருடம் ஒலிபெருக்கியைச் சரிசெய்ய வந்தவருக்கு விழுந்து, அவர் அதைப் போர்த்திக்கொண்டே வயரை மாட்டினார்.

விழா அன்று காலை ஒன்பது மணிக்கே அண்ணன் தன் லோரியில் கூடுதல் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பிறகு திடலில் கார்களுக்கு வழிகாட்டப் போய்விட்டார்.

"அண்ணே, உள்ள வந்து உக்காருங்க," என்றேன்.

"நீ போ மா. நான் இல்லன்னா காரெல்லாம் கண்டபடி போட்டுருவாங்க."

வேலை செய்தவர்களை மறக்கக்கூடாது என்பது தலைவரின் கொள்கை. அதனால் எங்கள் விழாவில் முதல் மரியாதை செயலவையினருக்குத்தான். வரிசையாக அழைத்தார். எனக்கும் ஒன்று போர்த்தினார். நான் கீழே இறங்கி, அதை மடித்துக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, வடை வந்துவிட்டதா என்று பார்க்கச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினரை ஒய்.பி. என்போம். அவர் பதினொன்றே காலுக்கு வந்தார். அவரோடு பட்டியலில் இல்லாத ஒருவரும் வந்தார். கையில் இரண்டு ஃபோன், யாரென்று யாருக்கும் தெரியாது. தலைவர் அவருடைய தோளைப் பார்த்தார். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அதற்குள் பொன்னாடை விழுந்துவிட்டது. போகட்டும், அதற்குத்தானே ஒன்று கூடுதலாக வாங்கினோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

குறிப்பைப் படித்தேன். நல்ல கைதட்டல். தோழி நீலப் புடவையில் மேடை ஏறினாள். கடைசிப் படியில் முழங்கால் கொஞ்சம் தயங்கியது. ஒய்.பி. அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"அடுத்து, இவருடைய அண்ணன்," என்று ஒலிபெருக்கியில் அழைத்தேன்.

யாரோ திடலுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தார்கள். வாசலில் சிலிப்பரைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடுவழியாக நடந்து வந்தார். மேடையில் ஏறித் தங்கைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். தலைவர் பொன்னாடைத் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்றுமே இல்லை.

அந்த இரண்டு ஃபோன்காரரைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். அவர் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கை குலுக்கி அனுப்பிரலாம் லா," என்று தலைவர் என் காதில் சொன்னார். "நாளைக்கு வீட்டுக்குப் போயி போட்டுக்கலாம்."

தோழி என்னைப் பார்த்தாள். பிறகு தன் தோளில் இருந்த பொன்னாடையின் மேல் கையை வைத்தாள். அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போகப்போகிறாள். எனக்கு அவளைத் தெரியும். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. துடைப்பதற்குக் கைப்பைக்குள் டிஷ்யூவைத் தேடினேன். விரலில் சரிகை குத்தியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டியலில் ஊரையே எழுதிய நான் என் பெயரை எழுதவே இல்லை. அந்த ஃபோன்காரர் வாங்கிக்கொண்டது மிச்சம் இருந்ததை. அண்ணனுடையதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அலைந்தவள் நான். மற்றவர்களைக் குறை சொல்வதில் கெட்டிக்காரி, என் தோளை மட்டும் எண்ண மறந்துவிட்டேன்.

மறைத்து எடுக்க வழியில்லை. மண்டபமே பார்க்க உருவினேன். கூடவே மூக்குக்கண்ணாடிக் கூடும் தைலப் புட்டியும் மேடையில் விழுந்து உருண்டன. முன்வரிசையில் சிரித்தார்கள்.

"இரு டீ, இருக்கு!" என்றேன்.

தலைவர் வாங்கக் கையை நீட்டினார். ஆனால் நான் அவளிடம்தான் நீட்டினேன். அதற்குள் அண்ணன் பக்கம் திரும்பிவிட்டவள் பின்பக்கமாகக் கையைக் கொண்டுவந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினாள். இத்தனை வருடம் கழித்தும் கை தவறவில்லை. அண்ணன் குனிந்தார். அவள் போர்த்திவிட்டு, இரண்டு முனைகளையும் இழுத்துச் சமமாக்கினாள்.

"தைல வாசன அடிக்குதே மா," என்றார் அண்ணன் என்னிடம் மெதுவாக. ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"வெங்காயத்துக்கு இது பரவாயில்ல அண்ணே."

ஒய்.பி.யும் சிரித்துவிட்டார். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று ஒலிபெருக்கியை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேசல்லாம் வராது," என்றார். "எல்லாரும் இவ ஓடுனதப் பத்திச் சொன்னீங்க. நான் இவ ஓடி ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"லோரியில சாமான் இருக்கும். விட்டுட்டு உள்ள போனா மூட்டையத் தூக்கிருவானுங்க. வெளியவே உக்காந்திருப்பேன். உள்ள ஜனங்க கத்துறது மட்டும் கேக்கும். அந்தச் சத்தத்த வெச்சே தெரிஞ்சிக்குவேன், இவ வந்துட்டான்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த லோரியில் எத்தனை நாள் ஏறியிருக்கிறேன். திரும்பும் வழியெல்லாம் நானும் அவளும் ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பார்த்துவிட்டார், அதனால் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் வெளியே உட்கார்ந்து மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தோன்றவே இல்லை. அவளுக்கு இது எப்போதும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மேடையில் போடவேண்டும் என்று இத்தனை வருடம் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

முதலில் கைதட்டியது பின்வரிசையில் இருந்த பள்ளிப் பேருந்துக்காரர், எங்கள் பழைய கோல் காவலர். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அந்த இரண்டு ஃபோன்காரர் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கை வலிக்கத் தட்டினார். அவர் மேல் இருந்த கோபமும் எனக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த விழாவிலும் நின்றதில்லை.

அண்ணன் ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இப்படித்தான் மா கேக்கும்," என்றார் என்னிடம். "ஆனா இவ்வளவு கிட்டத்துல கேட்டதில்ல."