இரண்டு டப்பா கோல்ஃப் பந்து

நடு ரகப் பந்தே போதும் என்று மதுரைக் கடைக்காரர் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. விலை கூடிய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வாங்கப் போகிறவன் என்பது முகத்திலேயே தெரியும். அப்படிப்பட்டவனிடம் எந்த வியாபாரியாவது வலிய வந்து மலிவான சரக்கைக் காட்டுவானா? நான் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். பாதி ஆயுளை அடுத்தவன் சாக்கைச் சந்தேகப்பட்டே கழித்தவன்.

"யாருக்கு சார் வாங்குறீங்க? என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார்.

"அறுபது தாண்டியிருக்கும்."

"அப்ப உசந்த ரகம் எதுக்கு சார்? அதுக்கு மேல்தோலு மெத்துனு இருக்கும். நல்லா ஆடுறவங்க அடிச்சா, குழிப் பக்கத்துல விழுந்து அப்படியே நிக்கும். மத்தவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நடு ரகத்துக்குத் தோலு கெட்டி. சீக்கிரம் கீறாது."

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. நடு ரகம் விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ? இரண்டு பந்தையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டிலும் குழி குழியாக அம்மைத் தழும்பு. ஏலக்காய் என்றால் நகத்தால் பிளந்து விதையைப் பார்க்கலாம், கடித்துப் பார்க்கலாம். இதை என்ன செய்வது? பழக்க தோஷத்தில் முகர்ந்து பார்த்தேன். கல்லாவில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அங்கே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாள். ஒரே மகள். பையனின் அப்பா ரயில்வேயில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், எங்களைப் போலவே சர்ச்சுக்குப் போகிற குடும்பம். குடும்பத்தோடு கொடைக்கானல் வந்து கோல்ஃப் ஆடிவிட்டு, இறங்கும் வழியில் பழனிசெட்டிபட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. "அந்த மாமாவுக்கு வேட்டி, துண்டெல்லாம் வேணாம்ப்பா. கோல்ஃப் பந்து ஒரு டப்பா வாங்கி வைங்க, போதும். நல்லதா வாங்குங்க" என்றாள் மகள். நல்லது என்றால் எந்த ரகம் என்று சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

கடைசியில் இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு டப்பா வாங்கினேன். முதலில் ஆளைப் பார்ப்போம், பார்த்துவிட்டு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வோம் என்பது என் கணக்கு. பீரோவில் நான் ஒளித்து வைத்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"பரிசு குடுக்கப் போறீகளா, பரீட்சை வைக்கப் போறீகளா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

இங்கே எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏல மையத்தில் மாதிரிக் காயைத் தட்டில் கொட்டி வைப்பார்கள். பிடித்துவிட்டால் முகத்தில் காட்டக் கூடாது. ஒரு காயை எடுத்து உரித்து, உதட்டைப் பிதுக்கி, "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லித் தட்டிலேயே போட்டுவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் உஷாராகிவிடக் கூடாது, விற்கிறவனுக்கும் மெதப்பு வந்துவிடக் கூடாது. நிஜமாகவே பிடிக்காத காயைப் பற்றி நாங்கள் வாயே திறப்பதில்லை. அடுத்த தட்டுக்குப் போய்விடுவோம். புகழ்வது விற்கிறவன் வேலை.

மகள் லீவு போட்டுவிட்டு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புகழ ஆரம்பித்துவிட்டார். "என்ன காத்து அண்ணாச்சி! வீட்டு வாசல்ல நின்னாலே மலை தெரியுதே!" காப்பியைப் புகழ்ந்தார். என் மனைவி சுட்ட முறுக்கைப் புகழ்ந்தார். என் மகளைப் பற்றிச் சொல்லும்போது, "எங்க வீட்டுக்கு இப்படி ஒரு பொண்ணு வர நாங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண் எடுக்க வந்தவர் இந்தப் புகழ் புகழ்ந்தால் என்ன அர்த்தம்? பையனிடம் ஏதோ ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கிறார். சாப்பாட்டுக்கு முன் அவரே ஜெபம் பண்ணினார். நீட்டி முழக்கி ஜெபம் பண்ணுகிறவர்களை நான் நம்புவதில்லை. இவர் இரண்டே வரியில் முடித்தார். அதையும் நம்ப முடியவில்லை.

பையனை மட்டும் எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னான், கேட்காததற்கு வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அவனே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். என் மகள் தண்ணீர்ச் செம்பைத் தேடுவதற்குள் அது அவள் பக்கம் நகர்ந்திருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"தம்பி ஒடம்பு கொஞ்சம் மெலிவா இருக்காப்ல. இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் எத்தன நாளைக்கு ஓடும்? நம்ம பக்கத்துப் பேச்சும் அவ்வளவா வரலையே."

மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பையனின் அம்மா புன்னகையை மடித்து வைத்துக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். சரக்கு முதல் தரம், கண்டுபிடித்துவிட்டேன் என்று.

சாப்பாடு முடிந்து பின்பக்கத்துக் காலி மனையைப் பார்த்ததும் பையனின் அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. காரிலிருந்து ஒரு மட்டையும் பந்தும் எடுத்து வந்தார். அந்தப் பந்தைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். பாசி படிந்து பச்சைக் கறையோடு இருந்தது.

"கொடைக்கானல்ல புதருக்குள்ள கெடந்துச்சு அண்ணாச்சி. யாரோ தொலைச்சது. இது போதும் எனக்கு" என்று சிரித்தார்.

ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் கண்டெடுத்த பந்தில் ஆடுகிறாரா? குடும்பம் நொடித்துப் போயிருக்கிறதோ? இல்லை, மகா கஞ்சமோ? என் மகள் அங்கே போய் என்ன பாடுபடுவாளோ? ஆள் எப்படியானாலும் சரி, இவருக்கு நடு ரகமே அதிகம் என்று முடிவு செய்து உள்ளே போய் அந்த டப்பாவைக் கொண்டு வந்து நீட்டினேன்.

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுதானே நான் எப்பவும் ஆடுறது! உசந்ததா இருந்தா தொலைஞ்சிருமோன்னு பயந்து பயந்து அடிக்கணும். இது எனக்குன்னே செஞ்ச பந்து!"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடு ரகம்தான் எனக்குப் பிடிக்கும் என்று உலகத்தில் எவனாவது சொல்வானா? மனசுக்குள் புண்பட்டிருக்கிறார், பெருந்தன்மையாக மறைக்கிறார். போச்சு, மகள் கல்யாணம் ஒரு டப்பாவில் கெட்டுப்போகப் போகிறது என்று எனக்கு வேர்த்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே ஓடி உயர்ந்த ரக டப்பாவையும் எடுத்து வந்து அவர் கையில் திணித்தேன்.

"இதையும் வச்சுக்கங்க சார். நல்லது உள்ள இருந்துச்சு."

அவர் இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ரெண்டையும் வாங்கி வச்சிருந்தீங்களா அண்ணாச்சி?"

என்ன சொல்வது? உங்களைத் தரம் பிரித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தேன் என்றா? கொஞ்ச நேரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். பச்சைக் கறை பிடித்த அந்தப் பந்தைப் பையன் மனையிலிருந்து தேடி எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அங்கிருந்து போன் இல்லை. மகள் லீவு முடிந்தும் பெங்களூர் போகாமல் வீட்டிலேயே லேப்டாப்பில் வேலை பார்த்தாள். போன் மணி அடிக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என்னத்தா, அவுக ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாக? பொண்ணோட அப்பாவுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சிருப்பாக."

"பிடிக்கலைன்னு எவன் சொன்னது? பிடிச்சதுனாலதான கொறை சொன்னேன்! பிடிக்கலைன்னா நான் ஏன் பேசப் போறேன்?"

"அது போடி பஜார்ல உள்ளவுகளுக்குத் தெரியும்ப்பா. வெளியாளுக்கு எப்படித் தெரியும்?" அவள் லேப்டாப்பை மூடினாள். "எனக்கே தெரியாது. ஸ்கூல்ல மொத ரேங்க் வாங்கிட்டு வந்தேன். கையெழுத்து கொஞ்சம் கோணல்னு சொன்னீக. வேலை கெடச்சப்ப, ஊரு கொஞ்சம் தூரம்னு சொன்னீக. நான் அழுதுட்டு அம்மாகிட்ட போவேன். ஒங்கப்பாவுக்குச் சந்தோசம்டின்னு அம்மாதான் சொல்லும்."

அந்த ரேங்க் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஜார் முழுக்கச் சுற்றியவன் நான். இவளுக்கு மட்டும் அது தெரியாதா?

உடனே போன் போட்டேன். மறுமுனையில் பையனின் அப்பா "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை. ஏன் இல்லை என்று மனசு வழக்கம்போல் குடைந்தது. அதை அதட்டி உட்கார வைத்தேன்.

"சம்பந்தி, எங்களுக்கு ஒங்க பையனப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒங்களையும் பிடிச்சிருக்கு."

அவர் சிரித்தார்.

"ரெண்டு டப்பாவப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆச்சுதான் அண்ணாச்சி. ஆனா நாங்க திண்டுக்கல் தாண்டுறதுக்குள்ளயே உங்க பொண்ணு போன் பண்ணிட்டா. எங்கப்பா கொறை சொன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், வருத்தப்படாதீங்கன்னா."

"அப்ப ஏன் இத்தன நாளா நீங்க கூப்பிடல?"

"அதுவும் அவ சொன்னதுதான். எங்கப்பா வாயால பிடிச்சிருக்குன்னு ஒரு தடவையாவது சொல்லிக் கேக்கணும் மாமா, அதுவரைக்கும் நீங்க கூப்பிடாதீங்கன்னா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். பின்னால் அவள் அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், நானும் ஒரு வாரமாக ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு இவர்களை விட்டுவிட்டேன். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.

"ஆத்தா, ஒன்னயும் பிடிச்சிருக்கு. எப்பவுமே பிடிச்சிருக்கு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

"ம்... குரல் கொஞ்சம் கம்மி" என்றாள்.