பூண்டு தின்னாத வாய்

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் கவிச்சி மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கூட வராது. இரண்டு வருஷம் முன்பு மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று நானும் மனைவியும் விரதம் எடுத்திருந்தோம். கடைசிச் சனிக்கிழமை மூவரும் போய்த் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்துவதாக வேண்டுதல்.

இரண்டாம் வாரம் என் வாய் நாற ஆரம்பித்தது. அழுகிய பூண்டை அரைத்து நாக்கில் அப்பியது போல ஒரு நாற்றம். மூன்று வேளை பல் தேய்த்தேன். துளசி மென்றால் துளசியே நாறியது. வேர்வை, தலையணை, கழற்றிப் போட்ட சட்டை எல்லாம் அதேதான். எச்சில் விழுங்கவே எனக்குக் குமட்டியது.

"யோவ், எங்க துன்னுட்டு வர்ற?" என்றாள் மனைவி.

"சாமி சத்தியமா ஒண்ணும் துன்னலடி."

"பெருமாளையே டபாய்க்கிறியா? பிரியாணி அண்டா மாதிரி நாறிக்கினு கீற! பொண்ணு வாழ்க்கைய நெனச்சியா? கோயிலுக்கு நீ வராத."

என் தட்டைத் தனியே ஒதுக்கினாள். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன். ஈயமும் டெல்லூரியம் என்ற தனிமமும் சேர்ந்த பொருளை அப்போது அரைத்துக்கொண்டிருந்தோம். பூமிக்குள் அபூர்வமாகக் கல்லாகவும் கிடைக்குமாம். வெள்ளீயம் போல வெளுப்பு, லேசான மஞ்சள். இரும்பைவிடக் கனம், ஆனால் காசால் கீறினாலே கோடு விழும். ஒரு பக்கம் சூடு காட்டினால் மின்சாரம் தரும். பார்க்க அழகுதான். மூக்கில் அரிக்கிறதென்று முகமூடியைக் கழற்றி வைத்தேனே, அதுதான் வினை.

ஆராய்ச்சியை நடத்தும் மேடத்திடம் கூச்சத்தோடு சொன்னேன். இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அண்ணா, அந்தத் தூள்ல இருக்கற டெல்லூரியம் உள்ள போனா ஒடம்பு இப்படித்தான் நாத்தமா வெளிய தள்ளும். எனக்கும் ஒரு தடவ வந்துச்சு. எங்க வீட்ல பூண்டே வாங்கமாட்டோம், மாமியார் என்னை சமையல்கட்டுல விடல! முதல்ல டாக்டரப் பாருங்க."

அவரே என் மனைவிக்கும் போன் போட்டுச் சொன்னார். அன்று சாயங்காலம் என் தட்டு பழைய இடத்துக்கு வந்தது.

"பெருமாள் கோச்சிக்கமாட்டாரு, கோயிலுக்கு வா. ஆனா இப்ப அந்தாண்ட உக்காந்து துன்னு, தாங்கல."

கடைசிச் சனிக்கிழமை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சன்னதியில் நின்றேன். தீர்த்தம் வாங்கத் துண்டை இறக்கியதும் அர்ச்சகர் முகம் சுளித்தார்.

"புரட்டாசியிலயா?" என்றார்.

மனைவி முந்திக்கொண்டாள். "அது பூண்டு இல்ல சாமி, ஈயம்!"

அவருக்கு என்ன புரிந்ததோ, தீர்த்தம் கொடுத்தார். விழுங்கினேன். அதுவும் பூண்டாகவே இறங்கியது.