கூப்பிட்டால் வரும் கௌதாரிகள்

எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரைக்குக் கௌதாரி சுட வேண்டும் என்று ஆசை வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தூத்துக்குடியைச் சுற்றி உடைமுள் மண்டிய உடங்காடு இருக்கிறது, காட்டில் கௌதாரி இருக்கிறது, அவரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. போய்ச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதானே? ஆனால் அவர் ஊரில் பெரிய மனிதர்கள் அப்படிச் சுடுவதில்லையாம். பறவைகளைக் கூண்டில் கொழுக்க வைத்து, வேட்டையன்று காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்புறம் வரிசையாக நின்று சுடுவார்களாம். கூண்டிலேயே கழுத்தைத் திருகினால் தோட்டாவாவது மிஞ்சுமே என்று நான் கேட்கவில்லை. அப்போது நான் டெம்பரரி குமாஸ்தா.

யுத்தம் முடிந்த மறு வருஷம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். யுத்தத்துக்காக எடுத்த ஆட்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அந்த நேரத்தில்தான் ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, தொரை முப்பது கௌதாரி கேக்காரு. வேட்டை நல்லபடியா முடிஞ்சா ஒன்னைய பெர்மனென்ட் ஆக்குதேன்னு சொல்லிட்டாரு. ஆனா எல்லாம் உசுரோட இருக்கணும். அன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட சாவப்படாது. வெளங்குதா?"

"வெளங்குது அண்ணாச்சி" என்றேன். நன்றாகவே விளங்கியது. தூக்குத்தண்டனைக் கைதிக்குக் காய்ச்சல் வந்தால் ஜெயில் டாக்டர் ஓடி வருவாரே, அந்த உத்தியோகம் எனக்கு.

சாத்தான்குளத்தில் வலை போட்டுக் கௌதாரி பிடிக்கும் ஒருவர் இருந்தார். முப்பதையும் ஓலைக் கூடைகளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு யோசனை சொன்னார். "புதுசா அடைச்ச பறவை தலைய முட்டி முட்டிச் செத்துப்போவும் தம்பி. நீங்களே கையால தீனி வச்சுப் பழக்குங்க. பயம் தெளிஞ்சிட்டா அப்புறம் சாவாது."

இந்த யோசனையை நான் சிரமேற்கொண்டேன். ஏற்றுமதிக்காக நிலாவாரை இலை மூட்டைகள் அடுக்கியிருந்த சரக்குக் கிட்டங்கியில் ஒரு மூலையைத் தடுத்து, அங்கே அவற்றை விட்டேன். ஊர் உலகத்துக்கெல்லாம் வயிற்றைச் சுத்தம் செய்யும் அந்த இலையின் வாடையில் ஒன்றரை மாதம் குடியிருந்தேன் என்றே சொல்லலாம். காலையும் மாலையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்கி, "பா, பா" என்பேன். முதல் வாரம் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தன. இரண்டாம் வாரம் எட்டிப் பார்த்தன. மூன்றாம் வாரம் என் வேட்டி முனையைக் கொத்தின. ஒன்றுகூடச் சாகவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். என்னைப் போன்ற மடையன் அந்தத் துறைமுகத்தில் அப்போது வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இதற்கிடையில் துரை வேட்டை மரியாதைகளைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கொடுத்த இடத்தைவிட்டு யாரும் நகரக்கூடாது. தரையில் நிற்கும் பறவையைச் சுடுவது கீழ்த்தரம், பறந்தால்தான் சுடலாம். பறவையை விரட்டுகிற ஆட்கள் துப்பாக்கிக்கு நேரே இருந்தால் அந்தத் திசையில் குழலைத் திருப்பவே கூடாது. கடைசியாக, விரட்டுகிற கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவனுக்கு ஒரு பறவையை மரியாதையாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தலைமை நானேதான். நான்கு துரைமார்களுக்கு நடுவில் அழைக்கப்பட்டிருந்த ஒரே உள்ளூர் முதலாளி உப்பளத்து அண்ணாச்சி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "உக்காந்திருக்கதச் சுடப்படாதா? ஏன், அது எந்திரிச்சு நின்னு நமக்குக் கும்பிடு போடணுமா?"

"அது அவங்க மரியாதை அண்ணாச்சி."

"தோட்டா விக்கிற வெலையில மரியாதையப் பாரு" என்றார். துரை அவரைப் பற்றி என்னிடம் கவலைப்பட்டிருந்தார். அந்த ஆள் ஏதாவது அசிங்கம் பண்ணிவிடப் போகிறார், அவர்மேல் ஒரு கண் வைத்திரு என்று.

வேட்டை காலை ஏழு மணிக்கு. உப்பளங்களுக்கு மேற்கே உடங்காட்டின் ஓரத்தில் ஐந்து துப்பாக்கிகளும் வரிசையாக நின்றன. துரைமார் தொப்பியும் பூட்ஸும். அண்ணாச்சி மடித்துக்கட்டிய வேட்டியும் காக்கிக் கோட்டும். எதிரே நூறு அடி தள்ளி நானும் தடி பிடித்த எட்டு உப்பளத் தொழிலாளிகளும். விசில் கேட்டதும் கூடைகளைத் திறந்தோம்.

கௌதாரிகள் நிதானமாக வெளியே வந்தன. இறகை உதறிக்கொண்டன. ஆட்கள் "ஹோ" என்று கத்திப் புதரை அடித்தார்கள். காட்டுப் பறவையாக இருந்தால் விருட்டென்று எழும்பியிருக்கும். இவை பயந்துபோய், ஆபத்துக்கு உதவும் ஒரே ஆளைத் தேடி ஓடி வந்தன. என்னைத்தான்.

விரட்டுகிறவன் துப்பாக்கி வரிசையை நோக்கி நடக்க வேண்டும் என்பது விதி. நடந்தேன். வண்டியில் பறவைகளைச் சமாதானப்படுத்தக் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா தோள்பையில் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதற்குள் கம்பு குலுங்கியது. பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பின்னால் போகிற பிள்ளைகள் மாதிரி முப்பதும் என் பின்னால் வந்தன. துரைமார்களில் ஒருவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் துரை சிரிக்கவில்லை. முகம் செக்கச்செவேல் என்று ஆனது.

நேரே வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றார். "ஒவ்வொன்றாகப் பிடி. பக்கவாட்டில் உயரே வீசு" என்றார் இங்கிலீஷில். திரும்பி வரிசைக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் வீசமாட்டேன் என்று சொன்னதாகப் பிற்காலத்தில் பலரிடம் கதைவிட்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. வீசினேன். குனிந்ததும் ஒன்று தானாகவே கையில் ஏறியது. அதை உயரே எறிந்தேன். படபடவென்று பறந்தது. துப்பாக்கி வெடித்தது. பறவை விழுந்தது. "நல்ல குறி" என்று பக்கத்துத் துரை முறைப்படி பாராட்டினார். இரண்டாவதையும் எறிந்தேன். அதுவும் விழுந்தது. என் மனதில் அப்போது மனைவியின் வயிறும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும்தான் இருந்தன. வெடிச்சத்தத்தில் மற்றவை ஓடிவிடும் என்று நினைத்தேன். இன்னும் நெருங்கி என் கால் நடுவில் ஒண்டின.

மூன்றாவது என் உள்ளங்கையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கொத்தியது. கம்பு என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது.

அப்போது உப்பளத்து அண்ணாச்சி துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டாவையும் உருவிக் கோட்டுப் பையில் போட்டார். "கூப்பிட்டா வாரதச் சுடுத பழக்கம் எங்க வீட்ல கெடையாது தொரை" என்றார்.

துரைக்குப் புரியவில்லை. "என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டார். மொழிபெயர்ப்பது என் வேலை. மொழிபெயர்த்தேன். அத்தோடு வாயை மூடியிருந்தால் நான் பெர்மனென்ட். "எங்கள் வீட்டிலும் கிடையாது, சார்" என்று என் கணக்கில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். எங்கள் வீட்டில் அப்படி எந்தப் பழக்கமும் இருந்ததில்லை. அந்த நிமிஷத்தில்தான் ஏற்பட்டது.

சொல்லிவிட்டு, கையிலிருந்ததைக் கீழே விட்டுத் திரும்பி, டப்பாவைக் குலுக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தேன். இருபத்தெட்டும் பின்னால் வந்தன. முதுகு முழுக்க வேர்த்தது. துரையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆள் நேரே இருக்கும்போது குழலைத் திருப்பக் கூடாது என்ற விதியை அவர் மீறவில்லை. நானே டைப் அடித்த விதி அது, ஒரு பிழை இல்லாமல்.

அரை மைல் போய்க் கம்பைக் கொட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவை சுகமாக வாழ்ந்தன என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உடங்காட்டு நரிகளுக்கு யாரும் விதிகளை வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானமே ஆபீஸ் பியூன் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் கவர். மறு கையில் வாழை இலையில் கட்டிய பொட்டலம். கவரில் மறுநாளிலிருந்து என் சேவை தேவையில்லை என்று இருந்தது. பொட்டலத்தில், தலைமை தாங்கியவனுக்கு உரிய மரியாதை இருந்தது. துரை ஒன்றையும் மறக்கிறவர் இல்லை.

கவரை இடுப்பில் செருகிக்கொண்டேன். பொட்டலத்தை மனைவி வாங்கிப் பிரித்தாள். "தொரை கறி குடுத்துவிட்ருக்காரு! அப்போ பெர்மனென்ட் ஆக்கிட்டாங்களா?" என்றாள். அவள் கறி சாப்பிட்டு மாதம் இரண்டு ஆகியிருந்தது.

"சாப்பிட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

நல்லமிளகு வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தாள். ஆசையாகச் சாப்பிட்டாள். ஒரு துண்டை என் தட்டிலும் வைத்தாள். நான் எறிந்த இரண்டில் இது எது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. வேலை போனதைக்கூட எப்போதோ மறந்துவிட்டேன், அந்த ருசியை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.