அக்காவின் சூட்டு ஜேக்கட்

கெடா மாநிலத்தில் குளிருக்குச் சட்டை தேடி அலைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பகல் பன்னிரண்டு மணி, தார் இளகும் வெயில். சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங் பக்கத்துக் கடை வரிசையில் இருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு லூனாஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவேன். அவள் பின்னால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வருவாள். சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். "என்ன பார்வ?" என்று கேட்கத் தோன்றும். சில நாள் கேட்டும் இருக்கிறேன்.

இயந்திரத்துக்குள் சுற்றி வந்த ரத்தம் சிலருக்கு உடம்பைச் சில்லிட வைத்துவிடும் என்று அங்கிருக்கும் மிஸ்ஸி சொன்னார். நர்ஸைத்தான் நாங்கள் மிஸ்ஸி என்போம். சர்க்கரை வியாதி, எங்கள் பேச்சில் இனிப்பு நீர், அவளுடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பக்கத்திலிருக்கும் கூலிமில் இடம் கேட்டோம், காலியில்லை என்றார்கள். அதனால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. கையுறைத் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவின் கணவர் இறந்து பல வருடமாகிறது, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இரண்டு பேருக்கு ஒரு மோட்டார் போதும் என்று இருந்துவிட்டோம்.

அவளுக்கு நான் ஆறு வயது இளையவள். ஆனாலும் வீட்டில் அதட்டுகிறவள் நான்தான். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அளவுக்கு மேல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் திட்டுவேன். அவளுக்கு ஆகாத வாழைப்பழத்தைத் தொட்டால் திட்டுவேன். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக வரும்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் வரல. திரும்பி வரும்போது எலும்புக்குள்ளயே குளுருது. போதும்லா, முடியல."

"குளுருதுன்னு சாகப் போறியா?"

"செத்தா குளுராதுல்ல."

கையில் இருந்த ஹெல்மெட்டைத் தரையில் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். அழுதும் பார்த்தேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் முகம் ஊதிப்போயிருந்தது, இரண்டு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. செவ்வாய்க்கிழமை எப்படியோ இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். தொடர்ந்து இரண்டு தடவை வராமல் இருந்தால் ஆளுக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த முக்கால் மணி நேரம் அவளுக்குக் குளிரக் கூடாது. குளிர்ந்தால் வர மாட்டாள்; வராவிட்டால் எனக்கு அக்கா இல்லை.

தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கைக்காரி கைப்பேசியில் காட்டிய ஜேக்கட் அது. பனி பெய்யும் நாட்டில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடுவதாம். துணிக்குள் கம்பி ஓடும். பவர் பேங்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் சூடாகும். அன்றைக்கே ஆர்டர் செய்துவிட்டேன். வந்த பொட்டலத்தில் சீன எழுத்தில் ஒரு தாள் இருந்தது. அதில் பனிமலைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் அதைப் போட்டுக்கொண்டு நின்றான். முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சூட்டுப் பட்டை, முன்னால் இரண்டு சின்னப் பட்டைகள், நெஞ்சில் பொத்தான். பொத்தானில் சிவப்பு எரிந்தால் அதிகச் சூடு.

எங்கள் ஊரில் மோட்டாரில் போகிறவர்கள் ஜேக்கட்டை முன்பின்னாகத்தான் மாட்டுவார்கள். கைகளை முன்பக்கமாக நுழைத்து, திறப்பை முதுகில் விட்டுவிடுவோம். காற்று நெஞ்சில் அடிக்காது, சட்டையும் அழுக்காகாது. அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. நான் ஜேக்கட்டைப் பிடித்தேன், அக்கா கைகளை நீட்டி அப்படியே நுழைத்தாள். தாளிலிருந்த வெள்ளைக்காரனைப் பார்த்து, "இவனுக்கு மோட்டார்ல போகத் தெரியல போல," என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் நாள் நிலையத்து வாசலில், அவள் முதுகுப் பக்கம் போயிருந்த பொத்தானை நானே சிவப்புக்கு அழுத்தினேன். அவள் வழக்கம்போல என் இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகில் சாய்ந்தாள். பாதி வழியில் நடுக்கம் நின்றுவிட்டது.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

அந்தச் சூடு என் முதுகிலும் ஏறியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பாடாங் செராய் தாண்டியதும் சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டேன். தொழிற்சாலையில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் அக்கா ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

நான்காவது வாரம் அவளைப் படுக்கையில் ஏற்றிய மிஸ்ஸி, அவள் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டே படுப்பதைப் பார்த்துச் சட்டையை விலக்கினார். விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். கொப்புளம் உடைந்து, ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

"எப்படி ஆச்சு இது? இனிப்பு நீர் உள்ளவங்க இதையா மூடி வைப்பீங்க?"

"சுடுதண்ணி கொட்டிக்கிட்டேன் மிஸ்ஸி," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் சுடுதண்ணீர் வைப்பது நான். அவள்மீது எதுவும் கொட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் புண்ணின் அகலம் சூட்டுப் பட்டையின் அகலம். முதுகில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு வந்திருக்கிறது. அவள் வயிற்றுக்கும் என் முதுகுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் அழுந்திக்கொண்டு வந்திருக்கிறது. குறைக்கலாம் என்றால் பொத்தான் அவள் கைக்கு எட்டாத இடத்தில். நானாக நிறுத்தினால்தான் உண்டு. மிஸ்ஸியிடம் ஒளிக்காமல் சொன்னேன். இனி அதைத் தொடவே கூடாது, எந்தப் பக்கம் போட்டாலும் கூடாது என்றார்.

வெளியே மோட்டாருக்குப் பக்கத்தில் வந்தபோது, அப்போதும்கூட என் குரல்தான் உயர்ந்தது.

"எரியுதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வாய் இல்லையா ஒனக்கு?"

"இப்படிக் கத்துவன்னுதான் சொல்லல," என்றாள். கொஞ்ச நேரம் ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிவிட்டு, "அதோட நீ பாடிக்கிட்டு வந்த. அத எப்படி நிறுத்தச் சொல்றது?" என்றாள்.

நான் ஜேக்கட்டைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும், அவள் திட்டவில்லை. இப்போது ஒரு தவணையும் தவறுவதில்லை. எனக்கு முன்னால் எழுந்து, உடுத்திக்கொண்டு, வாசலில் நிற்கிறாள். நானும் குரலை அடக்கக் கற்றுக்கொண்டேன், காலம் கடந்துதான். வண்டி ஓட்டும்போது மெதுவாகக் கேட்கிறேன்.

"குளுருதா அக்கா?"

"இல்லலா. நீ பாத்து ஓட்டு."

உச்சி வெயில். அவளுடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் கடகடவென்று இடித்துக்கொண்டே வருகிறது.