பையிலிருந்த மூன்று ஃபியூஸ்கள்

ஜின் இருக்கிறது என்று மார்க்கத்தில் படித்தவன்தான் நான். ஆனால் செத்தவர் வந்து பேசினார், கூப்பிட்டார் என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவேன். கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்வது கரண்ட் ஒன்றுதான் என்று வாயடித்துத் திரிந்த லைன்மேன் நான். ஒரே ஒரு பிற்பகல் அந்த வாயை மூடிவிட்டது. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை, கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளில் அடித்த அந்தப் பெரிய சூறாவளிக்குப் பிறகு ரத்தோட்டைக்கு மேலே ஒரு மின்கம்பமாவது நேராக நிற்கவில்லை. மாத்தளையிலிருந்து எங்களை லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். பத்து நாளாக மரம் வெட்டி, கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். வீட்டில் என் மனைவிக்கு நிறைமாதம். கடைசிக் கம்பத்தை முடித்தால் அன்றைக்கே கீழே போகிற லொறியில் ஏறிவிடலாம். என் மனசு முழுக்க அந்த லொறியில்தான் இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுகிறவனே டிரான்ஸ்ஃபோர்மரில் ஃபியூஸ்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. போகப்போவது அவன் உயிர் அல்லவா? ஏறியதும் கம்பியைத் தொடுமுன், நிலத்தில் அடித்த இரும்போடு பிணைத்த சங்கிலியை அதன்மேல் எறிந்து பார்க்க வேண்டும். கரண்ட் இருந்தால் பொறி பறக்கும். ஃபியூஸ் மூன்றும் பையில் இருக்கிறதே, சங்கிலி எதற்கு என்று அவசரத்தில் அன்று அதை எறியாமல் இடுப்பிலேயே தொங்கவிட்டிருந்தேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூடுபனியில் கம்பத்தின் அடி தெரியவில்லை. கீழே நின்ற என் கூட்டாளி, அண்ணன் என்ற முறையில் என்னை ‘நானா’ என்று கூப்பிடுகிற செல்லையாவும் தெரியவில்லை. அறுந்த கம்பிக்குக் கையை நீட்டினேன்.

“தம்பி, ஃபியூஸ் ஒங்க பையிலதானே?”

குரலிலேயே ஆள் தெரிந்தது. தோட்டத்து ஃபேக்டரியில் இன்ஜின் ஓட்டுகிற பெருமாள் அண்ணன். லைனில் கரண்ட் போனால் அந்த இன்ஜின்தான் ஃபேக்டரிக்குக் கரண்ட் கொடுக்கும். நாங்கள் எப்போது போனாலும் இதையே கேட்டு உயிரை வாங்குவார்.

“பையிலதாண்ணே, மூணும் இருக்கு.”

“கைய வச்சுப் பாருங்க. சூடா இருக்கா?”

எரிச்சலோடு பையைத் தொட்டேன். நம்பினால் நம்புங்கள், விறைக்கிற அந்தக் குளிரில் மூன்று ஃபியூஸும் அவித்தெடுத்த முட்டை மாதிரிச் சுட்டன. சங்கிலியை இழுத்துக் கம்பிமேல் எறிந்தேன். படீரென்று நீலப் பொறி வெடித்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பெருமாள் அண்ணன் யோசிக்காமல் இன்ஜினை ஓட்டிவிட்டார், அந்தக் கரண்ட் லைனில் ஏறிவிட்டது, பயந்துபோய்ச் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“எங்க பெருமாளண்ணன்?” என்று கத்தினேன்.

செல்லையாவும் பொறியைப் பார்த்திருந்தான், உதடெல்லாம் வெளுத்திருந்தது. “இங்க யாருமே வரல்லையே நானா. நீங்கதான் தனியா பேசிக்கிட்டிருந்தீங்க. பெருமாளண்ணன் காத்தடிச்ச அன்னைக்கே மலை சரிஞ்சு இன்ஜின் ரூமோட மண்ணுக்குள்ள போயிட்டாராம். மத்தியானம் தோட்டத்து லயத்து வீடுகள்ல சொன்னாங்க. இன்னும் எடுக்கல்ல.”

கீழிருந்தே சங்கிலியைத் திரும்ப எறிந்தேன். ஒன்றுமில்லை, கம்பி செத்துக் கிடந்தது. ஆனால் சங்கிலியில் ஒரு வளையம் கருகியிருந்தது. ஃபேக்டரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். இன்ஜின் ரூம் இருந்த இடத்தில் சேறும், அதில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தகரமும்தான்.

அன்று நான் மறுபடி ஏறவில்லை. மறுநாள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டே ஏறி முடித்தேன். வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் மகள் பிறந்தாள், அவளைக் கையில் வாங்கும்போது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த செல்லையா, பெருமாள் அண்ணனை எடுத்துவிட்டதாகச் சொன்னான். மண்ணை வெட்டியவர்களில் அவனும் ஒருவன்.

“இன்ஜினோட ஃபியூஸ் மூணையும் கழட்டி சட்டைப் பையில வச்சிருந்தாரு நானா. லைன்ல நம்ம ஆளுங்க ஏறுவாங்கன்னு.”

அப்படியானால் அந்த இன்ஜின் ஓடியிருந்தாலும் லைனுக்குக் கரண்ட் வர வழியில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? என்னைக் காப்பாற்ற அவர் வந்தாரா, அல்லது அவர் வந்ததால்தான் கம்பியில் கரண்ட் வந்ததா? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

செல்லையா போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான். “பையிலேருந்து எடுத்தது நான்தான் நானா. ஒடம்பு ஐஸ் மாதிரி கெடந்திச்சு. அந்த மூணு மட்டும் சுட்டிச்சு.”

அன்றிலிருந்து என் சட்டைகளில் பை வைத்துத் தைக்க நான் விடுவதில்லை.